இயங்குதளத்துக்கு ஒரு கையேடு: தமிழில் அது உருவான கதை

திருப்பூரில் பனியன் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு யாரும் புத்தகம் கொடுப்பதில்லை. முதலில் கைமடியாக நிற்க வேண்டும். டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கி வைக்கும் உதவியாளர்தான் கைமடி. நூல் எப்படிக் கோக்கிறார், ஊசி உடைந்தால் என்ன செய்கிறார், தையல் விட்டுப்போனால் எங்கே திருகுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இடைவேளையில் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்துப் பழகுகிறவன் கொஞ்ச நாளில் ஓவர்லாக் டெய்லர் ஆகிவிடுவான். பக்கத்தில் நிற்கும் தெரிந்த மனிதர்தான் அவனுக்குப் பாடப்புத்தகம்.

அதே கம்பெனியின் ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஏதாவது நின்றுவிட்டால்? தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் திரையில் வரும் ஆங்கில வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தெரிந்தவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பதிலாக நிற்பதுதான் கையேடு. இயங்குதளங்களுக்கு அப்படிப்பட்ட கையேடுகளைப் பயன்படுத்துகிறவர்களே கூடி எழுதிய கதை சுவாரசியமானது. அதில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு.

தன் குறையைத் தானே சொன்ன கையேடு

1971 நவம்பர் 3 என்ற தேதியிட்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கையேடு வந்தது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியுமே அதை எழுதினார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று ஒரே ஒழுங்கில் குறிப்புகள் இருந்தன. கூடவே 'பிழைகள்' என்றும் ஒரு பகுதி! இந்தக் கட்டளை எந்த இடத்தில் சரியாக வேலை செய்யாது என்பதை எழுதியவர்களே ஒப்புக்கொள்ளும் பகுதி அது. பொருளை விற்கிறவர்கள் பொதுவாக மறைக்கும் விஷயத்தை இவர்கள் அச்சிட்டே கொடுத்தார்கள். 'மேன் பக்கங்கள்' என்ற பெயரில் அந்த வழக்கம் இன்றும் லினக்ஸில் தொடர்கிறது.

ஆனால் இந்தப் பக்கங்கள் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களுக்கானவை. மறந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ள உதவுமே தவிர, முதல்முறையாகக் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை.

மென்பொருள் சுதந்திரம், புத்தகத்துக்குப் பூட்டு

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னு திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற சுதந்திரத்துடன் ஒரு முழு இயங்குதளம் உருவாக்குவதே நோக்கம். 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து ஓர் இயங்குதளம் ஆனது.

நிரல் கிடைத்துவிட்டது. அதை எப்படி நிறுவுவது, எப்படி ஓட்டுவது என்று யார் சொல்வது? எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காத பொருளுக்குக் கையேடு எழுதவும் கம்பெனி கிடையாது. எனவே 1992இல் லினக்ஸ் ஆவணத் திட்டம் தொடங்கியது. மாட் வெல்ஷ் போன்ற தன்னார்வலர்கள் நிறுவும் முறை பற்றிய நூல்களை எழுதினார்கள். 'ஹௌடூ' என்ற பெயரில் ஒரு வேலைக்கு ஒரு சிறு ஆவணம் என்ற வழக்கமும் வளர்ந்தது. பிரிண்டரை இணைக்க ஒன்று, மோடத்தை இயக்க ஒன்று என்று அவை பெருகின.

இங்கே ஸ்டால்மன் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். மென்பொருளை யாரும் மாற்றலாம், சரி. அதன் கையேட்டை மாற்ற அனுமதி இல்லையென்றால்? மென்பொருள் மாறியதும் கையேடு பொய் சொல்லத் தொடங்கும். திருத்த நினைப்பவர் முதல் எழுத்திலிருந்து புதிதாக எழுத வேண்டும். பெர்ல் மொழிக்கு வந்த நல்ல புத்தகங்கள் இப்படிப் பூட்டிக் கிடந்ததை அவர் உதாரணமாகக் காட்டினார். இதற்குத் தீர்வாக 2000 மார்ச்சில் ஆவணங்களுக்கென்றே க்னு உரிமம் வெளியானது. விக்கிப்பீடியா தொடங்கியபோது தன் கட்டுரைகளுக்கு எடுத்துக்கொண்டதும் இதே உரிமத்தைத்தான். 2009இல்தான் அது கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியது.

உரிமம் என்றாலே வக்கீல் விஷயம் என்று தோன்றும். ஆனால் ஒரு கையேட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். தமிழில் நடந்தவற்றைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

தமிழைக் காட்டவே ஒரு போராட்டம்

1990களில் தமிழில் ஒரு பக்கம் எழுதி அடுத்தவருக்குக் கொடுப்பதே பெரிய வேலை. ஒருவர் ஒரு எழுத்துருவில் எழுதினால் அடுத்தவர் கம்ப்யூட்டரில் அது புரியாத குறிகளாகத் தெரியும். ஆளுக்கொரு குறியாக்கம் இருந்ததே காரணம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் குறியாக்கங்களும் முன்வைக்கப்பட்டன. உலகத் தமிழர்களிடையே டிஸ்கியும் புழங்கியது. 1991இலேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றிருந்தாலும் அது பரவலாக வேலை செய்ய வருடங்கள் ஆயின. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவிலேதான், 2000ஐ ஒட்டி, 'தமிழ் லினக்ஸ்' என்ற பெயரில் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சேர்ந்து கேடிஇ, க்னோம் திரைச்சூழல்களைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். சம்பளம் இல்லாத வேலை. ஆயிரக்கணக்கான சிறு சொற்றொடர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாதம்!

கம்ப்யூட்டர் என்பது தமிழ்நாட்டில் கணினி, இலங்கையில் பலருக்குக் கணணி. இங்கே இயங்குதளம் என்றால் இலங்கைப் பாடநூலில் பணிசெயல் முறைமை. கோப்பு, அடைவு, உலாவி, முனையம், சொடுக்கு என்று இன்று சாதாரணமாகச் சொல்லும் சொற்கள் பலரின் கைபட்டுத் தேய்ந்து வந்தவை. திருப்பூரில் இந்த வாதமே இல்லாமல் 'ஓவர்லாக்', 'கட்டிங் மாஸ்டர்', 'செக்கிங்' எல்லாம் தமிழாகிவிட்டன. கையால் தொட்டு வேலை செய்யும் இடத்தில் சொல் தானாக ஒட்டிக்கொள்கிறது. திரையில் மட்டும் பார்க்கும் சொல்லை யாராவது விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'அடைவு' என்று மெனுவில் போட்டுவிட்டால் மட்டும் போதாது. அடைவு என்றால் என்ன என்று தமிழில் எங்காவது எழுதியிருக்கவும் வேண்டும்.

அந்த இடத்தில்தான் ஓட்டை விழுந்தது. மெனு தமிழில் வந்தது, உதவிப் பக்கம் ஆங்கிலத்திலேயே நின்றது. லினக்ஸ் ஆவணத் திட்டத்தின் பட்டியலில் 'தமிழ் லினக்ஸ் ஹௌடூ' என்று ஒரு ஆவணமே உண்டு. எழுத்துரு அமைப்பது, விசைப்பலகையை இயக்குவது எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அதுவும் ஆங்கிலத்தில்! தமிழைத் திரைக்குக் கொண்டுவரும் வழியைத் தெரிந்துகொள்ள ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலிட்டவர்களின் தவறு அல்ல இது. தமிழ் தெரியாத கம்ப்யூட்டரில் தமிழில் கையேட்டை எப்படிக் காட்டுவது?

சிடி வந்தது, சொல்லித்தர ஆள்?

2004 அக்டோபர் 20 அன்று உபுண்டுவின் முதல் பதிப்பு வந்தது. கேட்டவர்களுக்கு வீட்டு முகவரிக்கே இலவசமாக சிடி அனுப்பினார்கள். 2011 வரை இது நடந்தது. மெதுவான இணைப்பில் ஒரு முழு இயங்குதளத்தை இறக்குவது கனவாக இருந்த காலத்தில், கல்லூரி மாணவர்கள் பலர் லினக்ஸை முதலில் தொட்டது இந்த சிடி மூலம்தான்.

சென்னையில் இருந்தவர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. 1998இல் தொடங்கிய லினக்ஸ் பயனர் குழு ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. தெரியாததைக் கேட்கலாம், தெரிந்ததைச் சொல்லலாம். கைமடி நிற்பது போலத்தான்! ஆனால் பல்லடத்திலோ அவினாசியிலோ இருக்கும் மாணவன் ஒரு சந்தேகத்துக்காகச் சென்னைக்கு ரயில் ஏற முடியாதே.

2010இல் உபுண்டு கையேட்டுத் திட்டம் என்ற தன்னார்வக் குழு, உபுண்டு 10.04க்கு முதல்முறைப் பயனர்களுக்கான முழுப் புத்தகம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டது. எழுதுபவர், திருத்துபவர், படம் எடுப்பவர், மொழிபெயர்ப்பவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், அதே உரிமையுடன் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அது வந்தது.

அந்த உரிமத்தின் அருமை சீக்கிரமே தெரிந்தது. 10.04இல் சாளரத்தை மூடும் பொத்தான் வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு மாறியிருந்தது. அடுத்த வருடமே, 11.04இல், பழைய மெனு போய் யூனிட்டி என்ற புதிய திரைச்சூழல் வந்தது. 2017இல் யூனிட்டியும் போய் க்னோம் திரும்பியது. பொத்தான் மறுபடி வலது பக்கம்! ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய கையேட்டின் படங்களும், 'இங்கே சொடுக்கவும்' என்ற வரிகளும் தவறாகிப் போயின. பூட்டிய புத்தகமாக இருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும். திறந்த புத்தகம் என்பதால் அடுத்த பதிப்புக்குத் திருத்திக்கொள்ள முடிந்தது.

லேப்டாப்பும் கணியமும்

தமிழ்நாட்டில் லினக்ஸுக்கு அரசு வழியாகவும் கதவு திறந்தது. சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்நிறுவனம் லினக்ஸ் பக்கம் திரும்பியது. சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கான வசதிகளோடு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. வீட்டில் முதல் கம்ப்யூட்டரே இதுதான் என்ற நிலையில் இருந்த மாணவர்களின் கைகளில் ஒரு கட்டற்ற இயங்குதளம் போய்ச் சேர்ந்தது.

கிடைப்பது வேறு, ஓட்டத் தெரிவது வேறு. தைக்கத் தெரியாதவர் வீட்டில் தையல் மிஷின் இருந்தால் அது மேஜைதான்.

இதற்குச் சில மாதங்களில், 2012 ஜனவரியில், 'கணியம்' மின்னிதழ் தொடங்கியது. த. சீனிவாசன் அதன் ஆசிரியர். கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதுவது, எழுதியதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவது என்பது அதன் வழி. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்', 'எளிய தமிழில் க்னு/லினக்ஸ்' ஆகியவை இலவச மின்னூல்களாக வந்தன. 2013இல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம் தொடங்கியதும் இத்தகைய நூல்கள் செல்போன் வரை வந்துசேர்ந்தன. 2018இல் கணியம் ஒரு அறக்கட்டளையாகவும் ஆனது.

இந்த நூல்களின் தலைப்பில் இருக்கும் 'எளிய' என்ற சொல்தான் நாற்பது வருடக் கதையின் பதில். தாம்ப்சனும் ரிட்சியும் தெரிந்தவர்களுக்காக எழுதினார்கள். தமிழ் லினக்ஸ் குழுவினர் மெனுவைத் தமிழாக்கினார்கள். கணியம் எழுதியது பக்கத்தில் ஆள் இல்லாதவருக்காக.

இனி யார்?

இன்று ஒரு சந்தேகம் வந்தால் காணொளி பார்க்கலாம், செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் தமிழிலேயே கேட்கலாம். இனி கையேடு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அந்த மென்பொருளும் யாரோ எழுதிவைத்ததிலிருந்துதான் கற்றிருக்கிறது. தமிழில் எழுதிவைத்தது குறைவாக இருந்தால் தமிழில் கிடைக்கும் பதிலும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

நல்ல கையேட்டுக்கு மூன்று விஷயங்கள் வேண்டும் என்பதை இந்த வரலாறு சொல்கிறது. ஒன்று, தன் பிழையை ஒப்புக்கொள்ளும் நேர்மை. இரண்டு, அடுத்தவர் திருத்துவதற்கான அனுமதி. மூன்று, உண்மையிலேயே திருத்த வரும் ஒரு ஆள். முதல் இரண்டையும் முன்னோர்கள் செய்து வைத்துவிட்டார்கள். மூன்றாவதை மட்டும் எந்த உரிமமும் தர முடியாது. பொத்தான் இடம் மாறும்போதெல்லாம் யாராவது உட்கார்ந்து அந்த ஒரு வரியை மாற்றி எழுதியே ஆக வேண்டும்.

கைமடியாக நின்றவன் டெய்லர் ஆனதும் அவன் பக்கத்தில் ஒரு புதிய கைமடி வந்து நிற்கிறான். யாரும் உத்தரவு போடாமலேயே அவன் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறான். திருப்பூரின் தொழில் இப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தது. கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்ட ஒவ்வொரு மாணவனும் தனக்குப் புரிந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதிவைத்தால், சென்னைக்கு ரயில் ஏற முடியாத அந்த இன்னொரு மாணவனுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார்.