மரணத்தின் மீது ஒரு பந்தயம்

2010ஆம் ஆண்டு தொடங்கி, பாரிஸ் நகரை ஒட்டிய மாலகோஃபிலுள்ள தன் பணிக்கூடத்தில் இரவு பகலாக இயங்கும் படக்கருவிகளைப் பொருத்த அனுமதித்தார் பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி. காட்சிகள் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குச் சென்றன. பெற்றுக்கொண்டவர் டேவிட் வால்ஷ். கணக்குப் போட்டுச் சூதாடிப் பெருஞ்செல்வம் ஈட்டி, 2011இல் ஹோபார்ட் அருகே அருங்காட்சியகம் திறந்தவர்.

ஒப்பந்தம் விசித்திரமானது. படைப்பின் விலையை மொத்தமாகத் தராமல், கலைஞர் உயிரோடிருக்கும்வரை மாதந்தோறும் தருவது. எட்டாண்டுகளுக்குள் அவர் இறந்தால் வால்ஷுக்கு ஆதாயம்; அதைத் தாண்டினால் நஷ்டம்.

பிரான்சில் இது புதிதன்று. முதியவரின் வீட்டை, அவர் இறக்கும்வரை மாதத்தொகை தந்து வாங்கும் ‘வியாஜே’ என்ற பழைய வழக்கம் அங்குண்டு. ஆர்ல் நகரத்தின் ழான் கால்மோன் தொண்ணூறு வயதில், 1965இல் இப்படித் தன் வீட்டை விற்றார். வாங்கியவர் முப்பதாண்டுகள் பணம் கட்டி 1995இல் இறந்துபோனார். கால்மோன் 122 வயதுவரை வாழ்ந்து 1997இல் மறைந்தார். இந்த வழக்கத்தில் ஒளிந்திருந்த குரூரமான நகைச்சுவையைத்தான் போல்டான்ஸ்கி கலையாக்கினார். திரையைப் பார்த்து நிற்கும் பார்வையாளரும் ஒரு மனிதனின் சாவுக்குக் காத்திருப்பவராகிவிடுகிறார்.

இந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, யூதரான அவருடைய தந்தை சொந்த வீட்டின் தரைப்பலகைகளுக்கடியில் ஒன்றரை ஆண்டுக்காலம் மறைந்திருந்தார். பாரிஸ் விடுவிக்கப்பட்ட சில நாட்களில், 1944 செப்டம்பரில் மகன் பிறந்தார். யார் பிழைத்தார், யார் மாண்டார் என்பதில் நியாயம் ஏதுமில்லை என்பதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை அவர். 1969இலேயே, இன்னும் நிகழாத ஒரு விபத்தில் தான் இறந்துவிட்டதாக ஆவணங்களைத் தொகுத்துப் படைப்பாக்கினார்.

அந்தத் தற்செயலின் பேருருவமே 2010 தொடக்கத்தில், குளிர்காலத்தில் பாரிஸ் க்ராண்ட் பாலேயில் அமைத்த ‘பெர்ஸோன்’. அச்சொல் பிரெஞ்சில் ‘ஆட்கள்’ என்றும் ‘எவருமில்லை’ என்றும் பொருள்படும். கூடத்தைச் சூடேற்ற வேண்டாம் என்றார். தரையெங்கும் பழைய மேலங்கிகள், நடுவே துணிமலை. பாரந்தூக்கியின் இரும்புக்கை ஏதோ சில துணிகளைக் கவ்வி உயர்த்தி, மீண்டும் கீழே போட்டது. திருவிழாக்கடையில் பொம்மை பிடிக்கும் இயந்திரத்தை நினைவூட்டும் அசைவு. சிரிப்பு வருகிறது, வந்ததும் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

அங்கே பார்வையாளர் தம் இதயத்துடிப்பைப் பதிவுசெய்து தரவும் வழியிருந்தது. 2008 முதல் அவர் திரட்டிய துடிப்புகள், ஜப்பானின் தெஷிமா தீவில் 2010இல் திறக்கப்பட்ட ஆவணக்காப்பகத்தில் சேர்ந்தன. இருட்டறையில் யாரோ ஒருவரின் துடிப்புக்கேற்ப ஒற்றை விளக்கு எரிந்து அணைகிறது. அங்கு செல்பவர் தம் துடிப்பையும் விட்டுவரலாம். தந்தவர் இறந்தபின் அவருடைய பிள்ளைகள் வந்து கேட்கலாம். கேட்கும்போது உணரப்போவது அவருடைய இருப்பையன்று, இன்மையைத்தான். எந்தப் பதிவும் யாரையும் காப்பாற்றுவதில்லை. இதைத் தெரிந்துகொண்டே வரிசையில் நிற்கிறோம் என்பதே இதன் ஆழ்ந்த வேடிக்கை.

எட்டாண்டுகள் கடந்தன, போல்டான்ஸ்கி இருந்தார். பந்தயத்தில் சூதாடி தோற்றார். 2021 ஜூலை 14 அன்று, எழுபத்தாறாவது வயதில், கலைஞரும் மறைந்தார். 2005இல் அவர் தன் சொந்த இதயத்துடிப்பைக் கொண்டே ஒரு விளக்கைத் துடிக்கவைத்திருந்தார். அந்தப் பதிவை இப்போது கேட்பவர், தான் எதைக் கேட்கிறோம் என்று ஒருகணம் யோசிக்க வேண்டியிருக்கும்.