மேட்சனின் வக்கீல்

ஆப்ரகாம் லிங்கன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை சில உண்டு. அடுப்பு வெளிச்சத்தில் படித்த ஏழைச் சிறுவன், அடிமைகளை விடுவித்த அதிபர், மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம். (அந்தக் கடிதத்தை அவர்தான் எழுதினார் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனாலும் ஆசிரியர் தினம் தவறாமல் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிடுகிறது.) அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த வரலாறு சாதி எதிர்ப்பு இயக்கங்களுக்கும் அந்நியமானதல்ல. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, கருப்பின மக்களின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

லிங்கன் வக்கீலாக இருந்தார் என்பது மட்டும் பாடநூல்களில் ஒரே வரியில் முடிந்துவிடும். ஏறக்குறைய கால் நூற்றாண்டுத் தொழில், ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் அந்த ஒரு வரிக்குள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில், ஒரு கருப்பினத் தாயையும் அவளது நான்கு குழந்தைகளையும் பண்ணையாரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று வாதாடியவர் லிங்கன்.

அந்தப் பண்ணையாரின் பெயர் ராபர்ட் மேட்சன். அடிமைமுறை சட்டப்படி நடந்த கென்டக்கி மாநிலத்துக்காரர். அங்கே சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். பக்கத்து மாநிலமான இல்லினாயின் கோல்ஸ் கவுண்டியில் நிலம் வாங்கினார். ஆனால் இல்லினாயில் அடிமை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. 1787ஆம் ஆண்டின் வடமேற்குப் பிரதேச ஆணையும், 1818இல் மாநிலம் உருவானபோது எழுதிய அரசியலமைப்பும் அதைத் தடுத்திருந்தன. அதில் ஒரு சந்து மட்டும் இருந்தது. அடிமைகளோடு அந்த வழியாகப் பயணம் போகிறவரை, தற்காலிகமாகத் தங்குகிறவரைச் சட்டம் கண்டுகொள்ளாது.

அந்தச் சந்தில் மேட்சன் வண்டியே ஓட்டினார். விதைப்புக் காலத்தில் கென்டக்கியிலிருந்து ஆட்களைக் கொண்டு வருவார், அறுவடை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்த ஆண்டு வேறு ஆட்கள் வருவார்கள். ஒவ்வொரு முறையும், "இவர்கள் இங்கே நிரந்தரமாக இருக்க வரவில்லை" என்று ஒரு கூலியாளைச் சாட்சி வைத்துச் சொல்லிவிடுவாராம். நிலம் சுதந்திர மண்ணில், உழைப்பு மட்டும் அடிமை உழைப்பு.

ஒருவர் மட்டும் ஆண்டு முழுக்க அங்கேயே இருந்தார். பண்ணையின் கங்காணி அந்தோணி பிரையண்ட். தொடர்ந்து இல்லினாயில் வாழ்ந்ததால் அவர் சட்டப்படி சுதந்திரமானவர். 1845இல் மேட்சன் கொண்டுவந்த ஆட்களில் அந்தோணியின் மனைவி ஜேனும் குழந்தைகளும் இருந்தார்கள். ஜேன், மேட்சனின் சொந்த அண்ணன் தம்பியில் ஒருவருக்குப் பிறந்தவர் என்றே ஊரில் பேச்சு. (பண்ணை வீடுகளின் இந்தக் கதை நமக்கும் புதிதில்லை.) இந்த முறை மேட்சன் தன் வழக்கத்தில் தவறினார். ஜேனும் குழந்தைகளும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இல்லினாயிலேயே இருந்துவிட்டார்கள்.

1847 ஆகஸ்ட். மேட்சனோடு வாழ்ந்து பண்ணை வீட்டை நிர்வகித்த மேரி கார்பின் என்ற வெள்ளையினப் பெண்ணுக்கும் ஜேனுக்கும் சண்டை மூண்டது. உன்னையும் உன் பிள்ளைகளையும் கென்டக்கிக்கு அனுப்பி, தெற்கே பருத்திக்காட்டுக்கு விற்றுவிடச் சொல்கிறேன் என்று மேரி மிரட்டினார். தெற்கே விற்கப்படுவது என்றால் குடும்பம் சிதறிப்போவது, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே முடியாமல் போவது. அந்தோணி தாமதிக்கவில்லை. மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக ஓக்லாந்து என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். விடுதி நடத்திய மேத்யூ ஆஷ்மோரும், மருத்துவர் ஹிரம் ரூதர்போர்டும் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார்கள்.

மேட்சன் சட்டத்தைக் கையில் எடுத்தார். இல்லினாயில் 'கருப்பர் சட்டங்கள்' என்ற தொகுப்பு ஒன்று இருந்தது. விடுதலைப் பத்திரம் கையில் இல்லாத கருப்பினத்தவரை ஓடிப்போன அடிமை என்று கருதிப் பிடித்து அடைக்கலாம். ஜேனும் நான்கு குழந்தைகளும் சார்ல்ஸ்டன் ஊர்ச் சிறையில் பல வாரங்கள் கிடந்தார்கள். அவர்கள் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அடைக்கலம் தந்தவர்கள் மீதும் மேட்சன் வழக்குப் போட்டார். தலைக்கு 500 டாலர், ஐந்து பேருக்கு 2,500 டாலர் இழப்பீடு வேண்டும் என்றார்.

மேட்சனின் முதல் வக்கீல் அஷர் லிண்டர், மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். அவரோடு சேர்ந்துகொண்டவர்தான் லிங்கன். அப்போது அவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகிவிட்டார், இன்னும் பதவியேற்கவில்லை. அடிமைமுறை பற்றி அறியாதவரும் இல்லை. 1841இல் நான்ஸ் என்ற கருப்பினப் பெண்ணை விற்றது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றவர் அவர். 1845இல், ஓடிவந்த அடிமைக்கு அடைக்கலம் தந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைக் காப்பாற்றியவரும் அவரே.

மருத்துவர் ரூதர்போர்டு அதை நம்பித்தான் லிங்கனைத் தேடி வந்தார், தனக்காக வாதாடக் கேட்டார். அந்தச் சந்திப்பைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். லிங்கன் எல்லாவற்றையும் கேட்டார், முகம் வாடியது, தூரத்தைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். மேட்சன் தரப்பு ஏற்கெனவே தன்னைக் கலந்துவிட்டது, அவர்கள் விடுவித்தால் ஒழியத் தன்னால் வர முடியாது என்றார். பிறகு, விடுபட்டு வர வழியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அதற்குள் ரூதர்போர்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு சார்லஸ் கான்ஸ்டபிள் என்ற வக்கீலை வைத்துக்கொண்டார். ஆர்லாண்டோ ஃபிக்லினும் அந்தப் பக்கம் நின்றார்.

ஆக, வெளியே வர ஒரு கதவு இருந்திருக்கிறது. ரூதர்போர்டு மறுத்ததால் அந்தக் கதவு மூடிக்கொள்ளவில்லை. மேட்சனுக்காக நிற்க மாட்டேன் என்று சொல்ல, எதிர்த்தரப்பின் அழைப்பு எதற்கு?

அக்டோபர் 16 அன்று வில்லியம் வில்சன், சாமுவேல் ட்ரீட் என்ற இரு நீதிபதிகள் வழக்கைக் கேட்டார்கள். ஜேனும் குழந்தைகளும் தற்காலிகமாக வந்த வேலையாட்கள், கென்டக்கிக்குத் திரும்ப வேண்டியவர்கள், எனவே இல்லினாய் மண்ணை மிதித்ததாலேயே அவர்கள் விடுதலை பெற்றுவிடவில்லை என்பதே லிங்கனின் வாதம். கூடவே ஒன்றை ஒப்புக்கொண்டார். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு மேட்சன் அவர்களைக் கொண்டுவந்திருந்தால் அவர்கள் சுதந்திரமானவர்களே என்றார். இரண்டு ஆண்டு தங்கலை வைத்துக்கொண்டு இப்படி ஒப்புக்கொண்டது, தன் கட்சிக்காரரின் காலைத் தானே வாரியதைப் போலத்தான். லிங்கன் மனமில்லாமல் வாதாடினார் என்று சிலர் நினைவுகூர்ந்தார்கள். கூர்மையாகவே வாதாடினார் என்றும் சிலர் சொன்னார்கள். தீர்ப்பு மேட்சனுக்கு எதிராக வந்தது. ஜேனும் குழந்தைகளும் விடுதலையானார்கள்.

வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் பலர் இந்த வழக்குக்கு வந்ததும் தடுமாறுவார்கள். வக்கீல் தொழில் அப்படித்தான், யார் வந்தாலும் வாதாட வேண்டியதுதான் என்பார்கள். வேண்டுமென்றே தோற்றார் என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டாவது வாதம் நமக்குச் சிரிப்பையே வரவழைக்கிறது. முதலாவதைக் கொஞ்சம் யோசிக்கலாம். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் எவருக்கும் வக்கீல் வேண்டும், அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. பொய் வழக்குகளில் நம் இளைஞர்கள் சிறைக்குப் போகும்போது அந்த உரிமையைத்தான் நாமும் கேட்கிறோம். ஆனால் மேட்சன் கூண்டில் நிற்கவில்லை. சிறையில் கிடந்தவள் ஜேன். மேட்சன் வக்கீல் வைத்தது தன் உயிரையோ உரிமையையோ காத்துக்கொள்ள அல்ல, ஐந்து மனிதர்களைத் திரும்பப் பிடித்துக்கொள்ள. இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'தொழில் தர்மம்' என்று சொல்வது, பணம் உள்ளவன் பக்கம் தானாகவே சாயும் தராசு.

இந்த வழக்கை இன்று நாம் படிக்க இன்னொரு காரணமும் உண்டு. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்த குடும்பங்களை மீட்கும் விசாரணைகளில், முதலாளிகள் தரப்பில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வாதம் மேட்சனுடையதுதான். "சீசனுக்கு வந்தவங்க சார். அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க. சீசன் முடிஞ்சா போயிடுவாங்க." கோட்டாட்சியர் முன்னால் இதைச் சொல்பவர் பெரும்பாலும் சூளை முதலாளி அல்ல, அவருடைய வக்கீல். அந்த சீசன் சில குடும்பங்களுக்கு நான்கைந்து ஆண்டுகள் நீள்கிறது. குழந்தை சூளையிலேயே பிறந்து கல் அறுக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை 15ஆம் பிரிவில் கடன் கொடுத்தவர் தலையிலேயே வைத்தார்கள். நடைமுறையில் அந்தப் பொறுப்பு எப்படியோ இருளர் குடும்பத்தின் தலைக்கே திரும்பி வந்துவிடுகிறது. ஜேனிடம் கேட்ட பத்திரத்தைப் போலவே இவர்களிடமும் ஒரு காகிதம் கேட்கிறார்கள். விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வராதவரை அவர்கள் 'வேலையை விட்டு ஓடியவர்கள்'தான்.

ஜேன் வழக்கில் யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் கிளம்பியவர் அந்தோணி. விற்பனைக்கு முன்னால் அவர் அந்த இரவில் நடந்திராவிட்டால் வழக்கே வந்திருக்காது. 2,500 டாலர் வழக்கு தலைக்கு மேல் தொங்கியபோதும் ஒரு விடுதிக்காரரும் ஒரு மருத்துவரும் பின்வாங்கவில்லை. வரலாறோ வழக்கின் மறுபக்கம் நின்றவரின் பெயரால்தான் இதை நினைவில் வைத்திருக்கிறது. நாமும் அவர் பெயரைச் சொல்லித்தானே இந்தக் கட்டுரையைத் தொடங்கினோம்.

தீர்ப்புக்குப் பிறகு மேட்சன் கென்டக்கிக்கே போய்விட்டார். போகும்போது லிங்கனுக்குத் தரவேண்டிய கட்டணத்தையும் தராமல் போனார் என்று அந்த ஊர்க்காரர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆட்களின் கூலியையே காலமெல்லாம் தின்றவர் வக்கீல் கூலியை மட்டும் விட்டுவைப்பாரா? லிங்கன் டிசம்பரில் வாஷிங்டன் போய்ப் பதவியேற்றார். 1849 ஜனவரியில், தலைநகரில் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்க ஒரு மசோதாவைத் தயாரித்தார். அது நிறைவேறவில்லை.

பிரையண்ட் குடும்பத்தால் இல்லினாயில் இருக்க முடியவில்லை. தீர்ப்பு விடுதலை தந்தது, கருப்பர் சட்டங்கள் அப்படியே இருந்தன. 1853இல் அந்த மாநிலம், வெளியிலிருந்து கருப்பினத்தவர் வந்து குடியேறுவதையே தடை செய்தது. அதற்கு முன்பே அந்தோணியும் ஜேனும் குழந்தைகளும் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். 1848இல் அங்கே போய்வந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக் கருப்பினப் போதகர் சாமுவேல் பால் அவர்களைச் சந்தித்தார். வறுமையில் இருந்தார்கள், இல்லினாய்க்கே திரும்பி வர விரும்பினார்கள்.