நோய் ஏறிவந்த வழிகள்

நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் விரித்துரைப்பர். ஆயின், பேரரசர் பலர் கொன்றதினும் மிகுதியான மாந்தரை மாய்த்த சிற்றுயிர் ஒன்று உண்டு. அதுவே கொசு. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்பார் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதனால், "இச்சுரம் எவ்வாறு வருகிறது?" என்ற பழைய கேள்விக்கு விடை கிடைக்கலாயிற்று. ஆனால், "இந்நோய் இல்லாத ஊருக்கு இது எப்போது வரும்?" என்ற கேள்வி இன்றும் அறிஞரை உறங்கவிடவில்லை. அதற்கு வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுபவர். மூட்டையொன்று வேற்றூர் போய்ச் சேர அனுப்புவோர், வண்டி, பாதை, பெறுவோர் ஆகிய நான்கும் வேண்டும் என்பதை நாடோறும் காண்கிறோம். ஒன்று குறையினும் சரக்கு நின்றுவிடும். கொசு பரப்பும் நோய்க்கும் நான்கு வேண்டும். இரத்தத்தில் கிருமியுடைய மனிதன். அக்கிருமியைச் சுமக்கவல்ல கொசு. கொசுவின் உடலில் கிருமி முதிர்வதற்கு ஏற்ற வெப்பம். எதிர்ப்பாற்றல் பெற்றிராத மக்கள். இவற்றுள் எவை ஓர் ஊரில் முன்னரே உள்ளன, எது இன்னும் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்பதே அபாயத்தை அளக்கும் முறை.

கொசு கடல் கடந்தது

1930-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு நாத்தால் துறைமுகத்தில், ஆப்பிரிக்காவுக்கே உரிய அநோபிலீஸ் காம்பியே வகைக் கொசுவின் புழுக்கள் காணப்பட்டன. ஷானன் என்னும் பூச்சியியலறிஞர் அவற்றைக் கண்டுபிடித்தார். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள தக்காரிலிருந்து தபால் கொணர்ந்த விரைவுக் கப்பல்களில் அவை வந்திருக்க வேண்டும் என்று கருதினர். பாய்மரக் கப்பலின் நெடும்பயணத்தில் மடிந்திருக்கக்கூடிய கொசு, விரைவுக் கப்பலின் குறும்பயணத்தில் பிழைத்து வந்தது.

பிரேசிலில் மலேரியா முன்னமே இருந்தது. வெப்பமும் மக்களும் இருந்தனர். ஆனால், மனிதர் வீட்டையே நாடி வந்து கடிக்கும் இத்தகைய கொசு இருக்கவில்லை. நாத்தாலில் சுரம் தணிந்ததும் ஊரார் மறந்தனர். கொசுவோ ஓசையின்றிக் கரையோரமாக முன்னேறியது. 1938-இல் ஜாகுவாரிபே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெருஞ்சுரமாக வெடித்தது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், பல்லாயிரவர் மாண்டனர். 1939-இல் பிரேசில் அரசாங்கமும் ராக்பெல்லர் நிறுவனமும் தனிப் பணித்துறை ஒன்றை அமைத்தன. சோப்பர் என்பாரின் தலைமையில் ஊழியர் ஒவ்வொரு குட்டையாகத் தேடி மருந்திட்டனர். 1940-இன் இறுதிக்குள் அக்கொசு அந்நாட்டில் அறவே ஒழிந்தது. எட்டாண்டு உறக்கத்தின் விலையும் ஈராண்டு ஊக்கத்தின் பயனும் இவ்வரலாற்றில் அருகருகே நிற்கின்றன.

கிருமி கடல் கடந்தது

சில வேளை கொசு முன்னரே காத்திருக்கும். கிருமி பின்னர் வரும். சிக்குன்குன்யாவின் கதை அத்தகையது. 1952-இல் தங்கனீக்காவின் மாக்கொண்டே மேட்டு நிலத்தில் மூட்டுகளை முடக்கும் சுரம் ஒன்று பரவிற்று. 'உடலை வளையச் செய்வது' என்று அம்மக்கள் மொழியில் அதற்குப் பெயர். அது 1963-இல் கல்கத்தாவையும், 1964-இல் சென்னையையும், 1965-இல் நாம் வாழும் இந்நாகபுரியையும் தாக்கியது. இம்மூன்று நகரங்களையும் இரும்புப் பாதைகள் இணைக்கின்றன என்பதை நம் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. நோயாளி வண்டியேறினால் போதும். அவரை வரவேற்க ஏடிஸ் கொசு எல்லா ஊரிலும் உண்டு.

1973-க்குப் பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அது நம் நாட்டில் தலைகாட்டவில்லை. 2005-இல் மீண்டு வந்தபோது அதனை அறியாத தலைமுறை ஒன்று வளர்ந்திருந்தது. 2006-இல் மட்டும் நம் நாட்டில் 13 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர் எனக் கருதப்பட்டது. 2007-இல் கேரளத்திலிருந்து இத்தாலி சென்ற ஒருவரால் ராவென்னா அருகிலுள்ள சிற்றூர்களில் அது பரவி, இருநூறு பேருக்கு மேல் நோயுற்றனர். குளிர்நாடு என எண்ணப்பட்ட ஐரோப்பாவில் அந்நோய் பரவியது அதுவே முதன்முறை. பழைய டயர்களில் தேங்கிய நீரோடு வந்திறங்கிய புலிக்கொசு அங்கே முன்னரே குடியேறியிருந்தது.

குளிரும் இனி முழுக் காவலன்று. நேபாளத்தில் 2004-இல்தான் டெங்கு முதன்முதலாகப் பதிவாயிற்று. 2022-இல் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு உட்பட அந்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர்.

இன்னும் வராத நோய்

ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் கொடுமை புரியும் மஞ்சட் காய்ச்சல் ஆசியாவில் இதுகாறும் வேரூன்றவில்லை. ஆனால் அதனைச் சுமக்கும் ஏடிஸ் கொசு நம் வீட்டு வாசலிலேயே உள்ளது. வெப்பமும் உண்டு, எதிர்ப்பாற்றலற்ற கோடிக்கணக்கான மக்களும் உண்டு. நான்கில் மூன்று ஆயத்தம். கிருமி ஒன்றே வரவில்லை.

1914-இல் பனாமாக் கால்வாய் திறக்கப்படவிருந்தபோதே இவ்வச்சம் எழுந்தது. இந்திய மருத்துவப் பணியினரான எஸ். பி. ஜேம்ஸ், மஞ்சட் காய்ச்சலிலிருந்து இந்தியாவைக் காக்கும் வழி குறித்து 1913-இல் எழுதினார். விமானம் வந்தபின் அச்சம் பன்மடங்காயிற்று. நோய் உள்ளே புகுந்து வெளிப்படுவதற்கு மூன்று முதல் ஆறு நாள் ஆகும். விமானமோ ஒரே நாளில் வந்துவிடும். அதனாலேயே, அந்நோயுள்ள நாடுகளிலிருந்து ஊசிச் சான்றிதழின்றி வருவோரை ஆறு நாள் தனித்து வைக்கும் விதி நம் நாட்டில் உள்ளது. சிலர் இதனை வீண் தொல்லை என்பர். 2016-இல் அங்கோலாவில் பணிபுரிந்த சீனத் தொழிலாளர் பதினொருவர் இந்நோயுடன் தாய்நாடு திரும்பினர் என்பதை அறிந்தால் அவ்வாறு கூறார்.

நாம் அனுப்பிய கொசு

நோய் நமக்கு வருவது மட்டுமன்று. நம் பக்கத்திலிருந்தும் போகிறது. கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்ந்து, நம் நகரங்களில் மலேரியா பரப்பும் அநோபிலீஸ் ஸ்டீபன்சி என்னும் ஆசியக் கொசு, 2012-இல் ஆப்பிரிக்கத் துறைமுகமான ஜிபூட்டியில் காணப்பட்டது. அவ்வாண்டு அங்கே மலேரியா கண்டோர் 27 பேரே. 2020-இல் அத்தொகை 73,000-ஐத் தாண்டிற்று. ஜிபூட்டி இருப்புப் பாதையால் உருவான எத்தியோப்பிய நகரமான திரே தாவாவில் 2022-இல் மலேரியா எழுந்தபோது, அங்கும் இக்கொசுவே குற்றவாளி எனக் கண்டனர். 2016-இல் மலேரியா ஒழிந்த நாடெனச் சான்று பெற்ற இலங்கையிலும், அவ்வாண்டின் இறுதியில் மன்னாரில் இக்கொசு தென்பட்டது. நோய் ஒழிந்த வீட்டில் வண்டி மட்டும் வந்து நிற்கிறது.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறுகள் உணர்த்தும் உண்மை ஒன்றே. பாதை திறப்பவன் மனிதன். அதில் ஏறி வருவது நோய். வங்காளத்து இரயில்வேக் கரைகள் வெள்ளநீரின் வழியை மறித்து மலேரியாவை வளர்த்தன என்று பென்ட்லி என்பார் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எடுத்துரைத்தார். பாதையை மூடிவிட இயலாது. பிழைப்பை நாடித் தாய்நிலம் விட்டு வந்த நம்மவர் அதை விரும்பவும் மாட்டோம். ஆனால் நான்கு கண்ணிகளுள் ஒன்றையேனும் அறுக்க நம்மால் இயலும்.

இந்நாகபுரியின் கடுங்கோடையில் கூலர் இல்லாத வீடு அரிது. அதன் அடித்தொட்டியே ஏடிஸ் கொசுவின் தொட்டில். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆதலின், வாரம் ஒருமுறை நீரை வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அத்தலைமுறையே அழியும். மேல்நிலைத் தொட்டியின் மூடி இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பியபின் சுரம் கண்டால், மருத்துவரிடம், "இன்ன ஊரிலிருந்து வந்தோம்" என்று முதலிற் சொல்ல வேண்டும். மருத்துவர்க்கு அவ்வொரு சொல் ஒரு பரிசோதனைக்குச் சமம். சுரமுள்ளவர் பகலிலும் கொசுவலைக்குள் இருத்தல் அண்டை வீட்டாருக்குச் செய்யும் அறம்.

நம் சங்கம் மொழியை வளர்க்கத் தோன்றியது. மொழி வாழ அதனைப் பேசும் மக்கள் நலமாக வாழ வேண்டும். பிரேசிலில் ஊரார் உறங்கிய எட்டாண்டுகளை நினைவிற் கொண்டு, நம் குடியிருப்பில் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் இப்பணிக்கு ஒதுக்குவோமாக. இவ்வாண்டு விழாவில் நாம் ஏற்கத்தக்க தீர்மானம் இதனினும் சிறந்தது வேறில்லை.