ஈயமும் ரப்பரும் உடுத்திய செம்பு: ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துப் பன்னிரண்டு வோல்ட் வயர்

பழைய கார் வயர் ஒன்றைக் குறுக்கே வெட்டினால் மூன்று பொருள்கள் தெரியும். நடுவில் செம்பு இழைகள், அவற்றின்மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு, அதற்கு மேல் ரப்பர் உறை. செம்பு வெளியூர்ச் சரக்கு. மற்ற இரண்டும் மலேசியாவின் பேராக் மாநில மண்ணில் கிடைத்தவை. கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயத்தை, அதாவது வெள்ளீயத்தை, தந்தது. ரப்பர் பாலை மாநிலம் முழுக்கப் பரவியிருந்த தோட்டங்கள் தந்தன. அந்தத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் ஒன்று ஹுத்தான் மெலிந்தாங். பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்னாம் ஆற்றின் வடகரையில், 2017இல் தனி மாவட்டமான பாகான் டத்தோவில் அது இருக்கிறது.

மின்சாரக் கம்பிக்கு உறை போடும் தொழிலில் மலாய்த் தீபகற்பத்தின் பங்கு ரப்பருக்கும் முந்தியது. தாபான் மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் கெத்தா பெர்ச்சாவை 1840களில் சிங்கப்பூர் மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி லண்டனின் பார்வைக்குக் கொண்டுபோனார். வெந்நீரில் இளகி, குளிர்ந்ததும் இறுகும் பொருள் அது. கடல் நீரில் கெடாது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே போட்ட தந்திக் கம்பியும், 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்த கம்பியும் அதைத்தான் போர்த்திக்கொண்டு கடலடியில் கிடந்தன. தாபான் மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். ஒரு மரத்தில் கிடைத்ததோ கொஞ்சம். அதனால் காடு வேகமாக அழிந்தது.

பிரேசில் ரப்பர் கன்றுகள் 1877இல் பேராக்கின் கோலகங்சாரை எட்டின. தரையில் போடும் கம்பிக்கு ரப்பர் உறை நன்றாகவே பொருந்தியது. ஆனால் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரித்துக் கறுப்பாக்கியது; செம்பும் பதிலுக்கு ரப்பரைக் கெடுத்தது. இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் வைக்கச் செம்பு இழைமேல் வெள்ளீயம் பூசினார்கள். பேராக்கின் ஈயமும் ரப்பரும் ஒரே வயருக்குள் சேர்ந்த வழி இது.

ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தின் பெரிய தோட்டமான ஜெண்டராட்டாவின் தொடக்கத்திலும் மின்சாரம் தெரிந்த ஒருவர் இருக்கிறார். 1906இல் ஜெண்டராட்டா ரப்பர் கம்பெனியை நிறுவிய ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர். அதற்கு முன் பாங்காக்கில் டிராம் வண்டிக்கும் மின் விளக்குக்கும் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனியே பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆனது. நாட்டின் முதல் மின்சாரத்திலும் ஒரு தமிழர் பெயர் உண்டு. 1894இல் சிலாங்கூரின் ரவாங்கில், ஈயச் சுரங்கத்தின் நீரை இறைக்க மின் இயந்திரம் வைத்தவர்கள் கே. தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும்.

மின்சாரம் முதலில் போனது பணம் புழங்கிய இடங்களுக்கு. 1930இல் செண்டெரோ அணை இயங்கத் தொடங்கியபோது, பேராக் ஆற்று நீர்மின் கம்பெனியின் கம்பிகள் கிந்தாவில் ஈயம் தோண்டிய கப்பல்களையும் ஈப்போவையும் நோக்கி ஓடின. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான். விடியுமுன் பால் மரம் சீவப் போனவர்கள் நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டார்கள். காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும். பின்னர் பல தோட்டங்களில் மின்சாரம் தரும் எஞ்சின் வந்தது. மாலையில் சில மணி நேரம் ஓடும், இரவில் நிற்கும். தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று சட்டம் தெளிவாகச் சொன்னது 1990இல். கம்பிக்கு உறை கொடுத்த கைகளின் வீட்டுக்குக் கம்பி வந்து சேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. இது சிறு குறையாக எழுதிவிட்டுப் போகக்கூடிய செய்தி அல்ல.

அந்த இடைவெளியை அடைத்தது பேட்டரி. 1963 டிசம்பர் 28இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியபின், எஞ்சின் நின்ற நேரத்திலும் படம் பார்க்கக் கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் லயங்களுக்கு வந்தன. பேட்டரியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வருவது வார வேலைகளில் ஒன்றானது. மிச்ச மின்சாரத்தில் ஒரு கார் பல்பும் எரிந்தது. வயரின் பருமன் ஏன் முக்கியம் என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமல் கற்றுக்கொடுத்தது அந்தப் பல்புதான்.

கணக்கு எளிது. 21 வாட் கார் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி அடுப்படியில், பல்பு முன்வாசலில், நடுவே 8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போகவும் வரவும் 16 மீட்டர் வயர் வேண்டும். அழைப்பு மணிக்குப் போடும் 0.2 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரானால் அதன் தடை 1.4 ஓம் அளவு. 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். இழை பல்பில் வெளிச்சம் வோல்ட்டைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும் என்பதால், பல்பு பாதி வெளிச்சமே தரும். அதே வயரில் அதே 21 வாட்டை 240 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு ஒரு வோல்ட்டில் எட்டில் ஒரு பங்குகூட இராது. யாருக்கும் கண்ணில் படாது. வீட்டு மின்சாரத்தில் வயர் சூடாகாமல் இருந்தால் பெரும்பாலும் போதும். 12 வோல்ட்டில் அதற்கு முன்பே தூரத்தைப் பார்க்க வேண்டும். 6 வோல்ட்டில் நிலைமை இன்னும் மோசம்: அதே வெளிச்சத்துக்கு இரு மடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும், அதனால் இழப்பின் விகிதம் நான்கு மடங்காகிறது. ஆங்கிலேயர் காலத்துப் பழைய கார்களில் விளக்கு மங்கலாக இருந்ததற்குப் பல்பைவிட வயரும் துருப்பிடித்த இணைப்பும் காரணமாக இருந்ததுண்டு.

மோரிஸ் மைனர், ஆஸ்டின் கார்கள் ஓடிய காலத்தில் பட்டறைகளில் வயரின் பருமனை அங்குலக் கணக்கில் சொன்னார்கள். 14/0.012 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு விட்டமுள்ள 14 இழைகள். மெட்ரிக் முறை வந்ததும் அதுவே 14/0.30 ஆனது, ஏறத்தாழ 1 சதுர மில்லிமீட்டர், 8.75 ஆம்பியர் வரை தாங்கும். சிறு விளக்குகளுக்கு அது போதும். முன்விளக்குக்கு 28/0.30, அதாவது 17.5 ஆம்பியர். பேட்டரியிலிருந்து வரும் முதன்மை வயருக்கு 44/0.30, 27.5 ஆம்பியர். இழைகளை எண்ணத் தெரிந்தால் வயரின் தகுதியைச் சொல்லிவிடலாம் என்பது இந்த முறையின் நல்ல குணம். கேஜ் எண் அப்படிப்பட்டதல்ல. ஆங்கிலேயர் கேஜில் 18ஆம் எண் கம்பி 1.17 சதுர மில்லிமீட்டர். அமெரிக்கர் கேஜில் அதே 18 வெறும் 0.82. எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் பத்தில் மூன்று பங்கு செம்பு குறையும்.

ஆங்கிலேயக் கார்களுக்கு மின்சாதனம் செய்த லூகாஸ் கம்பெனி நிறத்துக்கும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தது. பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி வழியே வருவது, பச்சை சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியே வருவது, நீலம் முன்விளக்குக்கு, கறுப்பு எர்த். பிறகு தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஹோண்டா மோட்டார் சைக்கிள்கள் ஓடத் தொடங்கின. அவற்றில் பச்சைதான் எர்த். கறுப்பு, சாவி போட்டதும் மின்சாரம் வரும் வயர். இரண்டு நிறங்களும் நேர் எதிராக இடம் மாறியிருந்தன. கார் பட்டறையில் கை பழகியவர் ஹோண்டாவின் பச்சையில் விளக்கை இணைத்தால் அது எரியாது. கறுப்பை எர்த் என்று எண்ணி வண்டியின் உடம்பில் முடிந்தால் ஃபியூஸ் போகும். பழைய மோரிஸ் மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருந்ததும் சேர்ந்து, நிறத்தை நம்பாமல் சோதனை விளக்கை வைத்துப் பார்க்கும் பழக்கம் மெக்கானிக்குகளுக்குத் தேவையானது. இன்றும் வயரிங்கில் கை வைக்கும் எவருக்கும் முதல் கருவி அதுதான்.

அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் முன்விளக்கு வயருக்கு ஃபியூஸே கிடையாது. உறை தேய்ந்து இரும்பில் பட்டால் வயரே எரிய வேண்டியதுதான். ஃபியூஸ் இருந்த இடத்திலும், எரிந்துபோன கண்ணாடிக் குழாய்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைத்து ஓட்டினார்கள். ஃபியூஸ் காப்பது வயரைத்தான், விளக்கை அல்ல. ஆகவே ஃபியூஸின் அளவை வயரின் பருமன்தான் முடிவு செய்ய வேண்டும், பேட்டரிக்கு அருகிலேயே அதைப் போடவும் வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் பெரிய ஃபியூஸ் மாட்டுவது வெள்ளித் தாளைச் சுற்றுவதற்குச் சமம்.

ரப்பர் உறைக்கு முடிவு இரண்டாம் உலகப் போரிலிருந்து தொடங்கியது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் போன இயற்கை ரப்பரில் பெரும்பகுதி நின்றது. செயற்கை ரப்பரோடு பி.வி.சி. பிளாஸ்டிக்கும் அந்த இடத்துக்கு வந்தது. போருக்குப் பின் போகவில்லை. ரப்பர் உறை வெப்பத்திலும் எண்ணெயிலும் வெடித்து உதிரும், பி.வி.சி. எண்ணெயைத் தாங்கும், எந்த நிறத்திலும் கிடைக்கும், அதில் கந்தகம் இல்லை. கந்தகம் இல்லாததால் செம்புக்கு ஈயப் பூச்சும் தேவைப்படவில்லை. பேராக்கின் இரண்டு சரக்குகளும் ஒன்றாகவே கார் வயரை விட்டு வெளியேறின. அடுத்த தலைமுறையில் பால் மரங்கள் வெட்டப்பட்டு, அந்த நிலங்களில் செம்பனை எழுந்தது.

ஜப்பானியக் கார்களும், 1985இல் மிட்சுபிஷியின் அடிப்படையில் வந்த புரோட்டோன் சாகாவும் வயரின் அளவைச் சதுர மில்லிமீட்டரில் பழக்கின: 0.5, 0.85, 1.25, 2, 3, 5. அந்த வரிசை உள்ளூர்க் கடைகளிலும் நிலைத்தது. கூடவே ஒரு தவறும் நிலைத்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய வயரை மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் போடுவது. வீட்டு வயரில் ஏழே இழைகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கு மேல். சுவருக்குள் அசையாமல் கிடக்க அது நல்லது. அதிரும் வண்டியில், நட்டு இறுகும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். கடைசி இழை போகும்வரை விளக்கு எரிந்துகொண்டிருப்பதால் கோளாறு எங்கே என்று தெரியாது. பால் மரம் சீவுபவர்கள் பின்னாளில் கார்பைட்டுக்குப் பதில் கட்டிக்கொண்ட பேட்டரி நெற்றி விளக்கின் வயர் ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து நிமிரும் உடம்போடு வளைந்து, கழுத்தருகே முறிந்ததும் இதே காரணத்தால்தான். அசையும் இடத்துக்கு மெல்லிய இழைகள் பல உள்ள வயர் வேண்டும். எஞ்சின் பக்கத்துக்கு உறையின் வெப்பத் தாங்குதிறனும் வேண்டும்: சாதாரண வீட்டு பி.வி.சி. 70 பாகை, பழைய ஜப்பானியக் கார் வயர் 80, குறுக்குப் பிணைப்பு பாலிஎதிலீன் உறை 120 பாகை வரை.

இப்போதைய சிக்கல் அலுமினியம். செம்பு பூசிய அலுமினிய வயர் ஸ்பீக்கருக்கும் விளக்குக்கும் என்று மலிவாகக் கிடைக்கிறது. செம்போடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே அது மின்சாரத்தைக் கடத்தும். சில முறை வளைத்தால் முறியும். ஈரத்தில் இணைப்பு வெண்பொடியாக உதிரும். இதைக் கண்டுபிடிக்க இழையைக் கத்தியால் சுரண்டினால் போதும். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் ஈயம் பூசிய செம்பு.

இரண்டாவது வகை ரப்பரோடு மறைந்துவிடவில்லை. பெர்னாம் ஆற்று முகத்துக்குப் போகும் மீன்பிடிப் படகுகளில் விளக்கும் நீர் இறைக்கும் பம்பும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. உப்புக் காற்றில் வெறும் செம்பு உறைக்குள் அடி அடியாகப் பச்சையும் கறுப்புமாகப் போய்விடும். முனையை வெட்டிவிட்டு மறுபடி இணைத்தாலும் உள்ளே நல்ல செம்பு கிடைப்பதில்லை. அதனால் படகு வயரில் ஒவ்வொரு இழைக்கும் இன்னும் வெள்ளீயம் பூசப்படுகிறது. பல்புக்குப் பதில் எல்.இ.டி. வந்து மின்னோட்டம் குறைந்துவிட்டதால் விளக்குக்கு 1 சதுர மில்லிமீட்டரே தாராளம். பம்புக்கு மட்டும், பேட்டரிப் பெட்டியிலிருந்து படகின் முனைவரை போக வர நீளத்தைக் கூட்டிப் பார்த்து, பழைய 28 இழைக்கோ 44 இழைக்கோ போக வேண்டியிருக்கிறது.