பட்டணத்துப் பந்தி

ஒரு சமுதாயத்தின் வரலாறு அரண்மனைகளிலும் சட்ட மன்றங்களிலும் மட்டும் உருவாவதன்று. அடுப்படியிலும் அங்காடியிலும் உருவாவதே பெரும்பகுதி. மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் பால்மரக் காட்டையும் இருப்புப் பாதையையும் கோயிலையும் பள்ளியையும் தவறாது குறிப்பிடுவர். சாப்பாட்டுக் கடையைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. ஆயினும், சம்பளம் வாங்கிய பின் சாமான் வாங்கப் பட்டணம் சென்ற தோட்டத்து மக்கள் பசியாறிய கடைகளுக்கு நம் வரலாற்றில் தனியிடம் உண்டு.

தோட்டமும் பட்டணமும்

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன் பின்னரும் 1938 வரை கங்காணிமார் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. அவ்வாறு வந்தோர் லயங்களில் குடியிருந்தனர். அரிசி, பருப்பு, கருவாடு போன்றவை தோட்டத்துக் கடையில் கடனுக்குக் கிடைத்தன. கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் ஏறியது சம்பள நாளில் கழிந்தது. எனினும், வேட்டி சேலைக்கும், பித்தளைப் பாத்திரத்துக்கும், பண்டிகைச் சாமானுக்கும் பட்டணத்தையே நாட வேண்டியிருந்தது. தோட்டக் கடைக்காரரும் மொத்தச் சரக்கெடுக்க அங்கேதான் சென்றார். 1926 முதல் 1973 வரை தமிழகத் துறைகளுக்கும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்கும் இடையே ஓடிய இரஜூலாக் கப்பலைப் பழைய தலைமுறையினர் இன்றும் மறக்கவில்லை.

காலையில் புறப்பட்டவர் மாலையில்தான் திரும்ப இயலும். நடுவில் வயிறு கேட்குமல்லவா? அந்தக் கேள்விக்கு விடையாகவே பட்டணத்துத் தமிழ்க் கடைகள் தழைத்தன.

காவடித் தண்டில் வந்த உணவு

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் 1786ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நிறுவிய துறைமுகம். அங்கே வணிகம் செய்த தமிழ் முசுலிம்களின் நினைவைச் சூலியா தெரு என்னும் பெயர் இன்றும் தாங்கி நிற்கின்றது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்குச் சுடச்சுடச் சோறு தேவைப்பட்டது. தமிழ் முசுலிம் வணிகர் ஒரு தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பாத்திரத்தையும், மறு முனையில் கறிப் பாத்திரத்தையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றனர். தோள்தண்டில் சுமப்பதை மலாய் மொழியில் 'கண்டார்' என்பர். 'நாசி' என்றால் சோறு. இவ்வாறு பிறந்ததே 'நாசி கண்டார்' என்னும் பெயர். தோளில் வந்த உணவு பின்னர் ஐந்தடிப் பாதைகளில் இறங்கியது. அதன்பின் கடைகளுக்குள் புகுந்தது. 1907ஆம் ஆண்டில் தொடங்கிய ஹமீதியா உணவகம் கேம்பல் தெருவில் நூறாண்டு கடந்து நிலைத்தது. பல கறிகளின் குழம்பை ஒரே தட்டில் கலந்து ஊற்றி உண்ணும் வழக்கம் இவ்வகைக் கடைகளின் தனி முத்திரை.

ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து புறப்பட்டவர்களுக்குச் சிங்கப்பூரே பட்டணம். 1924ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலம் அப்பயணத்தை எளிதாக்கியது. அதே ஆண்டில் அந்நகரில் ஆனந்த பவன் என்னும் சைவ உணவகம் தோன்றியது. சிராங்கூன் சாலையில் 1947இல் கோமள விலாஸ் தொடங்கியது. நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908 முதல் இயங்கிய ஸம்ஸம் உணவகம் முர்தபாவுக்குப் பெயர் பெற்றது. தேக்காச் சந்தையில் காய்கறியும் மீனும் வாங்கியவர்கள், சுற்றியிருந்த தெருக்களில் இட்டிலியோ இலைச் சாப்பாடோ உண்டு திரும்பினர்.

மொழிக்குள் புகுந்த சுவை

கடை தந்தது உணவு மட்டுமன்று. மலாய் மொழியில் கடையைக் 'கெடாய்' என்பர். அது நம் 'கடை' என்னும் சொல்லே. 'காரி', 'அப்பம்', 'புட்டு' ஆகியவையும் அவ்வாறே அம்மொழிக்குச் சென்றன. தமிழ் முசுலிம் கடைக்காரரை 'மாமாக்' என்று அழைப்பதும் நம் 'மாமா' என்னும் உறவுச் சொல்லின் வழி வந்ததே. ஆட்சி செய்து புகுத்திய சொற்களல்ல இவை. பசித்து வந்தவர்க்கு உணவிட்டு வழங்கிய சொற்கள். மாணவர்க்குச் சொல் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் இனிய எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

பந்தியில் நீதி

கடைகளின் வரலாற்றில் கசப்பும் உண்டு. ஊரிலிருந்து ஏறி வந்த சாதி கடல் கடந்தும் கரையவில்லை. லயங்களில் பிரிந்திருந்த வேற்றுமை பட்டணத்து உணவுக் கடைகள் சிலவற்றிலும் தலைகாட்டியது. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்தபோது சீர்திருத்தக் கருத்துகள் பரவின. 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அப்பணியைத் தொடர்ந்தன. காசு கொடுத்தவர் எவராயினும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே வகைக் கிண்ணத்தில் அருந்தலாம் என்னும் நிலை எளிதில் வந்ததன்று. இன்று அருகருகே அமர்ந்து உண்ணும் இளைஞர் இதனை அறிதல் வேண்டும்.

பஞ்சமும் முள்வேலியும்

1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அரிசி வரத்து அருகியது. மரவள்ளிக் கிழங்கே பலருக்குச் சோறாயிற்று. அத்துயர் நீங்கிய சில ஆண்டுகளில், 1948இல், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு சென்றடையாதவாறு 1951 முதல் கடுமையான உணவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. தோட்டக் குடியிருப்புகள் பல முள்வேலிக்குள் ஒன்று சேர்க்கப்பட்டன. அரிசி அளந்தே கொடுக்கப்பட்டது. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் அதைத் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். சேமித்து வைக்க இயலாதபடி செய்வதே நோக்கம். வேலைக்குச் செல்வோரின் கைப்பொட்டலமும் வாயிலில் சோதிக்கப்பட்டது.

சாமான் வாங்கப் பட்டணம் செல்வது அக்காலத்தில் அச்சம் தரும் பயணமாயிற்று. அனுமதியின்றி அரிசி கொண்டு வருவது குற்றம்; வயிற்றுக்குள் கொண்டு வருவதையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பட்டணத்துக் கடையில் வயிறார உண்பதன் அருமை அளவரிசி உண்டவர்க்கே தெரியும். பல பகுதிகளில் இந்நிலை முன்னரே தளர்ந்தது; அவசரகாலம் 1960இல் முடிந்தது.

காக்க வேண்டிய செல்வம்

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. மக்கள் நகரங்களில் குடியேறினர். பட்டணம் போதல் என்னும் வழக்கே பொருளிழந்தது. பழைய தேக்காச் சந்தை 1982இல் எதிர்ப்புறக் கட்டடத்துக்கு மாறியது. ஆயினும் உணவின் பெருமை குன்றவில்லை. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020இலும், ரொட்டி சானாயும் தே தாரிக்கும் இடம்பெறும் மலேசியாவின் காலை உணவுப் பண்பாடு 2024இலும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தன. காலை உணவைப் 'பசியாறுதல்' என்று அழகாகச் சொல்லும் இந்நாட்டுத் தமிழர்க்கு அப்பெருமையில் உரிய பங்கு உண்டு.

பட்டியல் பெயரைக் காக்கும். நினைவை நாமே காக்க வேண்டும். முதியோர் பசியாறிய கடை எது, அது எத்தெருவில் இருந்தது, அங்கே இலைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு காசு கொடுத்தனர், யாருடன் அமர்ந்து உண்டனர் என்பனவற்றை மாணவர் கேட்டு எழுதுவாராயின், அக்கட்டுரைகளே நாளைய வரலாற்று ஏடுகளாகும். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுதல் நலம்.