கண்டி ஏரியைக் கண்டவன்

பலமனேரிலிருந்து சித்தூர் வழியே வேலூர் செல்வோர், பாலாற்றங்கரையில் ஒரு சமாதியைக் காணலாம். கண்டி இராச்சியத்தின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அடக்கமான இடம் அது. கண்டிக்குச் சுற்றுலாப் போகும் நேயர்கள் முதலில் கண்டு மயங்குவது அவன் வெட்டிய ஏரியைத்தான்.

நாயக்கர் வழிவந்த இவனது இளமைப் பெயர் கண்ணுசாமி. 1798இல் முடிசூடினான். தலதா மாளிகையை அடுத்த வயல்களை அணைகட்டி நீரால் நிரப்பி, 'பாற்கடல்' என்று பெயரிட்டான். நடுவே சிறு தீவு. கரையில் முகில் வடிவ மதில். மாளிகை முகப்பில் எண்கோண மண்டபம். வகுத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி. மதில் ஏரியை முழுதும் சுற்றவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. அது ஏன் என்று கேட்காமல் வருவோரே பலர்!

அழகில் குறையில்லை. ஆனால் விளைநிலம் மூழ்கியதும், குடிகளிடம் கட்டாய வேலை வாங்கியதும் வெறுப்பை வளர்த்தன. பிரதானிகள் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தனர். 1815 பிப்ரவரியில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் அரண்மனை மண்டபத்திலேயே உடன்படிக்கை நிறைவேறியது.

கிரேக்க நாட்டு யோவானினா நகரிலும் ஓர் ஏரி உண்டு. அதன் தீவிலே 1822இல் அலி பாஷா கொல்லப்பட்டான். கண்டி மன்னனுக்கோ தன் ஏரிக்கரையில் சாகவும் கொடுத்துவைக்கவில்லை. அகழி சூழ்ந்த வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832இல் மாண்டான்.