கண்டியின் கல்லூரி றகரும் அதன் அன்பர்களும்

கண்டி என்றதும் தலதா மாளிகையும், அதன் முன்னே விரிந்து கிடக்கும் ஏரியும், ஆடி ஆவணியில் நிகழும் எசல பெரகராவும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அந்நகரிற் பிறந்து வளர்ந்தோரிடம், அவர் எம்மொழி பேசுவோராயினும், தம் இளமைக் காலத்தைப் பற்றிச் சொல்லுமாறு கேட்டால், பேச்சு விரைவிலேயே வேறொரு பக்கம் திரும்பிவிடும். மழை, சேறு, முட்டை வடிவமான ஒரு பந்து, புகையிரத நிலையத்துக்கு அண்மையில் ஒரு திடல், கயிற்றுக்கு இப்பால் நின்று தொண்டை வறளக் கூவிய கூட்டம் என்று அது நீண்டுகொண்டே போகும். கண்டிக் கல்லூரிகளின் றகர் ஆட்டத்தைப் பற்றிய நினைவே அது.

ரக்பி என்று உலகம் அழைக்கும் ஆட்டத்தையே இலங்கையர் றகர் என்று வழங்குவர். அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையிலேந்தி முன்னோக்கி ஓடலாம். ஆனால், கையாற் கொடுக்கும்போது முன்னோக்கிக் கொடுத்தல் ஆகாது. எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தை நிலத்திற் பதிப்பதே 'ட்ரை' எனப்படும். எத்துணை விரைவாக ஓடுபவனும் தனக்குப் பின்னால் வரும் தோழனை நம்பியே ஓட வேண்டும் என்பது இவ்விதியின் உட்பொருள். இந்த ஆட்டம் ஒரு நகரத்தாரின் நெஞ்சைக் கவர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இலங்கையில் றகர் முதன்முதலாக 1879ஆம் ஆண்டில் ஆடப்பட்டது. ஆடியவர் ஐரோப்பியர். கொழும்பில் வணிகம் புரிந்தோரும், மலைநாட்டுத் தோட்டங்களை ஆண்ட துரைமாரும் தத்தமக்கெனக் கழகங்களை அமைத்துக்கொண்டனர். இந்நாட்டவர் தமக்கென ஒரு கழகமாக இலங்கையர் றகர் உதைபந்தாட்டக் கழகத்தை நிறுவ 1922ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வாறு துரைமாரின் பொழுதுபோக்காக இருந்த ஒன்று கண்டி நகரின் பொதுச் சொத்தாக மாறியது எவ்வாறு? அந்த மாற்றம் பள்ளிக்கூடங்களின் வழியாகவே நிகழ்ந்தது.

அதற்கு வித்திட்டவர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்னும் பறங்கியர் குலத்து ஆசிரியர். கண்டித் திரித்துவக் கல்லூரியிற் கற்று, இந்தியாவில் ஆசிரியப் பணியாற்றித் திரும்பிய அவர், 1891ஆம் ஆண்டில் ஒரு சில மாணவரைக் கொண்டு கண்டியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்திற் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. அப்பள்ளியின் தொடக்க ஆண்டுகளிலேயே பிளேஸ் தம் மாணவர்க்கு றகரைக் கற்பித்தார். இந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் றகர் ஆடியது அதுவே முதன்முறை. ஆனால் எதிர்த்து ஆடுதற்கு வேறொரு பள்ளி வேண்டுமே! அதற்குப் பதினைந்து ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. 1906ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் முதன்முதலாக மோதின. பிளேஸ் கற்ற பள்ளி ஒரு பக்கம். அவர் தோற்றுவித்த பள்ளி மறு பக்கம். முடிவு என்னவெனில், ஆறுக்கு ஆறு என்ற புள்ளிகளிற் சமநிலை! வரலாறே பக்கஞ் சாராது நின்றதுபோலும்.

இவ்விடத்தில் ஒரு சிறு விளக்கம் பொருந்தும். பழைய புள்ளிக் கணக்குகள் இன்றைய இளைஞர்க்கு மிகச் சிறியனவாகத் தோன்றும். அக்காலத்தில் ஒரு ட்ரைக்கு மூன்று புள்ளிகளே கிடைத்தன. 1971இல் அது நான்காகவும், 1992இல் ஐந்தாகவும் உயர்ந்தது. ஆகவே ஆறு புள்ளி என்பது அன்று எளிதிற் கிட்டியதன்று. சேற்றில் உருண்டு பெற்ற மூன்று புள்ளிகளைக் கடைசி விசில்வரை காத்து நின்ற அணிகளை முதியோர் பெருமிதத்துடன் எண்ணிப் பார்ப்பதில் வியப்பில்லை.

திரித்துவக் கல்லூரியில் இந்த ஆட்டம் வேரூன்றிய காலம், அருட்டிரு ஏ. ஜி. பிரேசர் அதிபராக இருந்த காலம். 1904 முதல் 1924 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். ஆங்கிலமே கல்வி என்று எண்ணப்பட்ட அந்நாளில், சிங்களமும் தமிழும் பள்ளியில் உரிய இடம் பெற வேண்டுமென வாதாடியவர் அவர். மலையைச் சரித்து அஸ்கிரியாவில் விளையாட்டுத் திடல் அமைத்ததும் அவர் காலத்துப் பணியே. அது 1915இல் திறந்து வைக்கப்பட்டது. தாய்மொழியும் விளையாட்டுத் திடலும் ஒருவரது கருத்தில் ஒருங்கே இடம்பெற்றமை மனங்கொள்ளத் தக்கது. விளையாட்டில் மிகச் சிறந்தோர்க்குத் திரித்துவக் கல்லூரி வழங்கும் உயர்ந்த விருதுக்கு 'லயன்', அதாவது சிங்கம், என்று பெயர். ஒருவர் எத்துணைப் பதவி வகித்தாலும், "அவர் றகர் லயன் அல்லவா!" என்று சொல்லும்போது கண்டியார் குரலில் தனி மதிப்பு ஒலிக்கும்.

1920ஆம் ஆண்டிற் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே றகர்ப் போட்டி தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் வெற்றி பெரும்பாலும் மலைநாட்டின் பக்கமே நின்றது. பின்னர், இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில், றோயல் கல்லூரி அதிபர் ஈ. எல். பிராட்பி தம் பணியிலிருந்து விடைபெறுங் காலத்தில் ஒரு கேடயத்தை வழங்கினார். அதுவே இன்றளவும் புகழ்பெற்ற பிராட்பி கேடயம்.

இக்கேடயத்துக்குரிய விதி எளிது, ஆயினும் நுட்பமானது. ஆண்டுதோறும் இரண்டு ஆட்டங்கள். ஒன்று கண்டியில், மற்றொன்று கொழும்பில். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, மிகுதியாகப் பெற்ற அணிக்கே கேடயம். முதல் ஆட்டத்திற் சில புள்ளிகளால் தோற்ற அணி, இரண்டாவதில் அதனினும் மிகுதியான வேறுபாட்டில் வென்று கேடயத்தைக் கைக்கொள்ளலாம். முதல் ஆட்டத்தில் வென்ற அணியோ இரண்டாவதிற் சிறு தோல்வியடைந்தும் கேடயத்துடன் வீடு திரும்பலாம். இதனால், இரண்டு ஆட்டங்களுக்கும் இடைப்பட்ட நாட்களில் நகரெங்கும் கணக்குப் பார்த்தலே வேலையாகிவிடும். தேநீர்க் கடையிலும், முடி திருத்தும் நிலையத்திலும், பேருந்துத் தரிப்பிடத்திலும், "எத்தனை புள்ளி போதும்?" என்பதே கேள்வி.

இரு நகரங்களில் ஆட்டம் என்பதனால், அணியின் பின்னே செல்வதென்றால் பயணம் செய்வதென்றே பொருளாயிற்று. கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதம் 1867 முதல் ஓடுகின்றது. தொலைவு ஏறக்குறைய 120 கிலோமீற்றர். கடுகண்ணாவைக் கணவாயில் ஏறியும் இறங்கியும் சென்ற அப்பயணத்தில், சாளரங்களிற் கொடிகள் பறந்தன. திரித்துவக் கல்லூரியின் சிவப்பு, பொன், நீலம். றோயலின் நீலமும் பொன்னும். வென்று திரும்பிய வண்டியிற் பாட்டும் மேளமும் முழங்கின. தோற்றுத் திரும்பிய வண்டியில், சக்கரங்களின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை என்பர். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இலே தான். அதற்கு முன் கொழும்புக்குச் செல்ல இயலாதோர், மறுநாட் பத்திரிகையையும் சென்று வந்தோரின் வாய்மொழியையும் நம்பியே ஆட்டத்தைக் 'கண்டனர்'. அந்நினைவுகள் வாய்மொழியாகவே வளர்ந்தன. ஆதலின், சொல்லச் சொல்ல உதையின் தூரமும் கூடிற்று. மழையின் வேகமும் கூடிற்று. இதில் பிழை காண்பது அன்பறியாதார் செயலாகும்.

கண்டியில் இத்தகைய ஆட்டங்கள் பல நடந்த இடம் போகம்பறை. முன்னாளில் அங்கே ஒரு குளம் இருந்தது. 1814ஆம் ஆண்டில், எகலப்பொல குமாரிகாமி அரசனின் ஆணையால் உயிரிழந்த துயரக் கதையோடு பிணைந்த குளம் அது. பின்னர் அது தூர்க்கப்பட்டுத் திடலாயிற்று. அருகே புகையிரத நிலையம், சந்தை, 2014இல் மூடப்பட்ட பழைய சிறைச்சாலை. நகரின் ஓயாத நடமாட்டத்துக்கு நடுவே அமைந்தமையால், அத்திடல் எவர்க்கும் எட்டாத இடமாக இருக்கவில்லை. சந்தையில் மூட்டை இறக்கியவரும், கடையை அரை நாள் பூட்டியவரும், கல்லூரி வாயிலை ஒருநாளும் மிதியாதவரும் அங்கே வந்து நின்றனர். பந்து எல்லைக் கோட்டை நெருங்கும்போது, "இவன் எந்தப் பள்ளியிற் படித்தவன்?" என்று எவரும் எவரையும் கேட்டதில்லை.

தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களே றகருக்குரிய மாதங்கள். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில், சட்டைகளின் நிறமெல்லாம் ஒரே சேற்று நிறமாகிவிடும். யார் நம்மவர், யார் மற்றவர் என்று அறிவது கடினம். அந்தக் காட்சிக்கு, அதனைக் கண்டோர் எண்ணியிராத ஒரு பொருளும் உண்டு.

கேடயம் தோன்றிய அதே காலத்தில் நாட்டின் கல்வியிலும் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1945இல் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1940களிலும் 1950களிலும் படிப்படியாகத் தாய்மொழியே பயிற்றுமொழியாயிற்று. ஏழைப் பிள்ளைகளுக்கு அது கல்விக் கதவைத் திறந்தது. மறுக்கவொண்ணாத நன்மை அது. ஆயினும், ஒரே பள்ளியிற் பயின்ற சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் வெவ்வேறு வகுப்பறைகளில் அமர்ந்தனர். ஒரு சுவரின் இருபுறமும் ஒரே பாடம், இரு மொழிகளில். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் அந்தச் சுவர் மேலும் உயர்ந்தது. இந்நிலையில், மொழி வேறுபாடின்றி இளைஞர் ஒன்றுகூடிய இடங்களுள் விளையாட்டுத் திடல் முதன்மையானது. சிங்களர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோர் ஒரே அணியிற் தோளோடு தோள் கோத்துத் தள்ளினர். பிற்காலத்தில் இலங்கையின் வெளிநாட்டமைச்சராகி, 2005இல் கொலையுண்ட இலட்சுமண் கதிர்காமர், 1950இல் திரித்துவக் கல்லூரித் துடுப்பாட்ட அணிக்குத் தலைமை தாங்கியவர். அக்கல்லூரியின் றகர் அணியிலும் ஆடியவர்.

திடல் எல்லாப் பிணிக்கும் மருந்தாயிற்று என்று சொல்லிவிட முடியாது. சூழவுள்ள தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர்க்கு இத்தகைய கல்லூரிகளின் வாயில் நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் பெற்றோரை நாடற்றோர் ஆக்கியது. பின் வந்த ஆண்டுகளின் வன்செயல்களைக் கரவொலியால் தடுக்க இயலவில்லை. எனினும், ஒன்றாகக் கூவிய குரல்களின் நினைவு முற்றும் அழிந்துவிடவில்லை. கடல் கடந்து குடியேறிய பழைய மாணவர்கள், தமிழராயினும் சிங்களராயினும், ஆண்டுதோறும் பிராட்பி நாளில் ஒருவரையொருவர் அழைத்து முடிவை வினவுவது அந்நினைவின் வலிமையாலேயே.

2019ஆம் ஆண்டில் எழுபத்தைந்தாவது பிராட்பி போட்டி நடைபெற்றது. அடுத்த ஈராண்டுகளும் பெருந்தொற்றினால் ஆட்டமின்றிக் கழிந்தன. 2022இற் போட்டி மீண்டும் தொடங்கிற்று. திரித்துவக் கல்லூரிக்குப் பள்ளேகலையிற் புதிய திடல் அமைந்துள்ளது. ஆட்டத்தை இப்போது உலகின் எம்மூலையிலிருந்தும் திரையிற் காணலாம். கேடயத்தை வென்ற அணிகளின் பட்டியல் கல்லூரி ஏடுகளில் உள்ளது. ஆனால் மழையில் நனைந்து நின்றவர்களின் பட்டியல் எந்த ஏட்டிலும் இல்லை. துரைமாரின் ஆட்டத்தைக் கண்டியின் ஆட்டமாக்கியவர் அவர்களே. அவர்களுள் முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்து வைத்தல், கண்டியின் வரலாற்றைப் பேண விரும்புவோர் உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.